ரெண்டு பேர் பாரத்துக்கு வச்ச செயின்

"தம்பீ… டேங்க் நிறைஞ்சு தண்ணி வழியுது, மோட்டாரை அணைக்காம உள்ள என்னப்பா பண்றீங்க?"

ஐயோ, பதறாதீங்கண்ணே. மோட்டாரும் ஓடல, வீட்டுக்கார டீச்சரம்மாவும் வரல. நான்தான், கீழ்வீட்டுத் தீனா. இந்த மாடிக் கதவைத் திறக்க வைக்கணும்னா வீட்டுக்காரம்மா குரலை விட்டா வேற மருந்தே கிடையாது. உங்களுக்கு முன்னாடி குடியிருந்த பேங்க் சார் சோப்பு நுரையோட துண்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. நீங்க பரவாயில்ல, கைலியில வந்திருக்கீங்க.

ஒரு விஷயம் சொல்லணும்ணே. சின்ன விஷயம்தான். இல்ல, நாற்காலி வேண்டாம், இந்த வாசப்படியிலயே உக்காந்துக்கிறேன். இங்கேயிருந்துதான் தெரு கொஞ்சமாவது தெரியும். அப்பா சின்னமனூர் போயிருக்காரு. வர்ற நேரம்தான்.

காலையில அப்பா பைக்கை வெளிய எடுத்தப்ப நீங்க மாடியிலேர்ந்து சொன்னீங்கல்ல? "சார், செயின் ரொம்பத் தொங்குது சார். தட்டிக்கிட்டே இருக்கு. இப்படியே ஓட்டினா ஒரு நாள் கழண்டுக்கும். எங்கிட்ட ஸ்பானர் செட் இருக்கு, சாயங்காலம் நானே டைட் பண்ணித் தர்றேன் சார்." எப்படி? உங்க குரல் வந்துச்சா? அந்த 'சார்'ல லேசா மூக்கு இருக்கும். அதைப் பிடிச்சுட்டா மிச்சம் தானா வந்துரும். குடி வந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள உங்களை முடிச்சுட்டேன் பாருங்க.

அதுதாண்ணே விஷயம். அந்தச் செயினை டைட் பண்ணாதீங்க. தயவுசெஞ்சு. ஸ்பானரை வெளியவே எடுக்காதீங்க. அது தெரியாம லூசா விட்டதில்ல. ரெண்டு பேர் பாரத்துக்குன்னு பார்த்துப் பார்த்து வச்சது.

சிரிக்காதீங்கண்ணே. வண்டியில ஒருத்தர்தானே போறாருன்னு கேக்குறீங்க. அதைத்தான் சொல்ல வர்றேன்.

எங்க அப்பா பேரு சென்றாயன். நைட்டி ஏவாரம். கடை கிடையாது, இந்த வண்டிதான் கடை. போடியிலேர்ந்து மலைக்கு ஏறுற ரோடு இருக்குல்ல, அதுல ஏறி ஏலத்தோட்டத்துல வேலை செய்யுற பொம்பளைங்க குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போகணும். முன்னாடி அப்பா, அவருக்குப் பின்னாடி எங்கம்மா கௌமாரி, அம்மாவுக்குப் பின்னாடி கேரியர்ல நைட்டி மூட்டை. வண்டி ஓட்டுறது மட்டும்தான் அப்பா. கூவி விக்கிறது எல்லாம் அம்மா.

"நைட்டி நைட்டி நைட்டீ! துவைச்சா சாயம் போகாத நைட்டி! போச்சுன்னா திருப்பிக் குடுங்க தாயி, நானே உடுத்திக்கிறேன்!"

இப்படித்தான் கத்தும். ராத்திரி சாப்பிடும்போது அன்னைக்கு யாரு யாரு என்ன பேரம் பேசினாங்கன்னு அந்தந்த ஆளு மாதிரியே சொல்லும். கங்காணி எப்படி இருமுவாரு, மலையாளத்துக்காரச்சி எப்படி "ஐயோ, இது வேண்டா"ம்பா, எல்லாம். நாங்க கேட்டுக்கிட்டே சோறு தின்போம். எனக்கு இந்தக் குரல் வித்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல எல்லா வாத்தியாரும் கேட்டுட்டாங்க. யாருக்குத் தெரியும்? எங்க அப்பா வகையறாவுல யாருக்கும் கிடையாது.

சரி, செயினுக்கு வர்றேன்.

அம்மாவோட அப்பா சின்னமனூர்ல சைக்கிள் கடை வச்சிருந்தவரு. இப்ப மாமா அதையே நடத்துறாரு. அம்மா செயினுக்கு எண்ணெய் போட்டு வளர்ந்த ஆளு. எங்க அப்பா வண்டியைச் சந்துல நிப்பாட்டி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, செயினை வீணைக் கம்பி கணக்கா இழுத்து வைப்பாரு. அம்மா வாசல்ல பூண்டு உரிச்சுக்கிட்டே சொல்லும்: "வெறும் வண்டியில பார்க்கக் கூடாதுங்க. ஆளு ஏறி உக்காந்துல்ல பார்க்கணும்? பாரம் ஏறினா இன்னும் இறுகும்ங்க." அப்பா ஸ்பானரை ஆட்டிக்கிட்டே எங்கிட்ட சொல்லுவாரு, "டேய், வந்துட்டாங்கடா இன்ஜினியரம்மா." நான் உடனே அம்மா குரல்ல அதையே திருப்பிச் சொல்லுவேன். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் அழுகையைச் சேர்த்து. அப்பா தரையில உக்காந்து சிரிப்பாரு.

மலை ஏறும்போது வண்டி ஒரு சத்தம் போடும்ணே. கர்ர்ர்னு, பல்லைக் கடிக்கிற மாதிரி. அம்மா அப்பா தோள்ல தட்டித் தட்டிச் சொல்லும்: "வண்டி அழுவுதுங்க. கொஞ்சம் நிப்பாட்டுங்க. வண்டி அழுவுதுங்க."

வண்டி அழுவுதாம்! அது எங்க வீட்டுல பெரிய ஜோக்கு ஆயிருச்சு. மிக்ஸி ஓடினா, "மிக்ஸி அழுவுதுங்க." குழாய்ல காத்து வந்தா, "குழாய் அழுவுதுங்க." அப்பா குறட்டை விட்டா நான் காதுக்கிட்டப் போயி, "அப்பா அழுவுதுங்க." எல்லாம் அம்மா குரல்ல. அம்மாவும் சிரிக்கும்ணே. சிரிச்சுட்டு உள்ள போயி எதையாவது கழுவும். எங்கம்மாவுக்குச் சுத்தம் ஜாஸ்தி. கழுவி வச்ச டம்ளரையே எடுத்து இன்னொரு தடவை கழுவும்.

போன வைகாசியில மாமா மகளுக்குச் சடங்கு. சின்னமனூர்ல பெரிய மண்டபம். சடங்கு வீட்டுல பொண்ணோட அத்தைதான் ராணி, உங்களுக்கே தெரியும். அம்மா பெட்டியில இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வச்சு, சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி நடந்து போச்சு. எனக்கே அடையாளம் தெரியல. மாமா பொண்டாட்டி வீட்டுச் சொந்தக்காரம்மா ஒருத்தங்க, "நீங்க என்ன பண்றீங்க?"ன்னு கேட்டப்ப, "போடியில ஜவுளி ஏவாரம்"னு சொல்லுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

எங்க பக்கம் மொய்யை மைக்குல படிப்பாங்கண்ணே. உங்க ஊர்ல உண்டா? மைக்கு ஆளு சாப்பிடப் போயிட்டாரு. மைக்கு சும்மா கிடக்கு. விடுவேனா? ஏறிட்டேன். "காமாட்சிபுரம் கருத்தப்பாண்டி அவர்கள்… மொய் இன்னும் வரவில்லை… பந்தியில் மட்டும் ரெண்டு முறை வந்துள்ளார்!" மண்டபம் கூரையைப் பிச்சுக்கிட்டுச் சிரிக்குது. அப்புறம் மண்டபத்து மேனேஜரு, அப்புறம் ஐயரு, அப்புறம் மாமா. முன்வரிசையிலேர்ந்து அப்பா கத்துறாரு: "டேய் தீனா! உங்கம்மா ஏவாரத்தை எடுத்து விடுடா!"

எடுத்து விட்டேன்ணே. கூவுறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அதுல என்ன இருக்கு? நான் லைன் வீட்டு வாசல்ல அம்மா நிக்கிறதைப் பிடிச்சேன். லீவு நாள்ல நானும் கூடப் போவேன்ல, அப்பப் பார்த்தது. "யக்கா… ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கக்கா… காலையிலேர்ந்து இன்னும் போணியாகலக்கா… பெரிய மனசு பண்ணுக்கா… வேண்டாம்னு மட்டும் சொல்லாதக்கா…" கடைசியா, "வண்டி அழுவுதுங்க!" அங்க சிரிச்சவங்க இங்க விழுறாங்க. அப்பா ரெண்டு விரலை வாயில விட்டு விசில் அடிக்கிறாரு. அந்தச் சொந்தக்காரம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது.

அம்மாவும் சிரிச்சுச்சுண்ணே. மேடையிலேர்ந்து நான் நல்லாப் பார்த்தேன். முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டு, கண்ல தண்ணி கொட்டக் கொட்டச் சிரிச்சுச்சு. எனக்குக் கிடைச்ச கைதட்டல்லயே அதுதான் பெருசு.

சாயங்காலம் கிளம்பறப்ப அம்மா வரல. "ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்"னுச்சு. சடங்கு வீட்டுல வேலை கிடக்கும்ல, அப்பாவும் சரின்னுட்டாரு.

அவ்வளவுதாண்ணே. அதுக்கப்புறம் வரவே இல்ல.

சண்டை இல்ல. அப்பா குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. போன் போட்டா எடுக்கும். "சாப்பிட்டியாடா?"ன்னு கேக்கும். எப்ப வர்றன்னு கேட்டா, "இங்க வேலை இருக்குடா"ன்னு வச்சுரும். காரணம் என்னன்னு நானும் எவ்வளவோ யோசிச்சுட்டேன். மாமா வீட்டு டிவி பெருசு, அதுவா இருக்கலாம். மாமா பொண்டாட்டி ஏதாவது சொல்லிக் குடுத்திருக்கலாம். அவங்க வாயைப் பார்த்தாலே தெரியும். இல்ல மலையில குளிரு ஒத்துக்கலையோ என்னவோ. நீங்களே சொல்லுங்க, கலகலன்னு சிரிச்சுக்கிட்டு இருந்த வீடு. எங்க வீடு மாதிரி சிரிச்ச வீடு இந்தத் தெருவுலயே கிடையாது. டீச்சரம்மாவைக் கேட்டுப் பாருங்க.

அப்பா தனியா மலைக்குப் போக ஆரம்பிச்சாரு. அவருக்குக் கூவத் தெரியாது. நைட்டியை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, மயங்கி விழுந்த பொம்பளையைத் தாங்கிப் பிடிச்ச மாதிரி வாசல் வாசலா நிப்பாரு. யாரு வாங்குவாங்க? ஒரு நாள் பாதி மலையில வண்டி இன்ஜின் மட்டும் கத்துது, சக்கரம் நகரல. கடக் கடக்னு செயின் தாவுது. அப்படியே திருப்பி, இன்ஜினை அணைச்சு, இறக்கத்துல உருட்டிக்கிட்டே வந்து சேர்ந்தாரு.

மெக்கானிக் கடைக்குப் போகலாம்ப்பான்னேன். போக மாட்டேன்னுட்டாரு. போனா அங்க முதல் கேள்வியே, "அக்கா எங்கண்ணே, ரொம்ப நாளாக் காணோம்?"தான். சந்துலயே செயின் கவரைக் கழட்டினாரு. பின் சக்கரத்துல பெரிய பல்சக்கரம் ஒண்ணு இருக்குமில்ல, அந்தப் பல்லெல்லாம் பார்க்கணுமே நீங்க. மொழுக்குன்னு இருக்க வேண்டிய பல்லு, சுறாமீன் பல்லு மாதிரி ஒரே பக்கமா வளைஞ்சு, ஊசியா நிக்குது. அப்பா விரலை வச்சாரு, ரத்தம் வந்துருச்சு. விரலைச் சப்பிக்கிட்டே சொன்னாரு, "இதைத்தான்டா அவ இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தா. இறுக்கி இறுக்கியே தேய்ச்சிருக்கேன்."

முகம் என்னமோ மாதிரி இருந்துச்சு. சரி, ஆளைச் சிரிக்க வைப்போம்னு நான் அம்மா குரல்ல, "வண்டி அழுவுதுங்க"ன்னேன்.

சிரிக்கல. என்னையே பார்த்தாரு. "இனிமே அந்தக் குரல் இந்த வீட்டுல கேக்கக் கூடாது"ன்னாரு.

எவ்வளவு அநியாயம் பாருங்கண்ணே! நானா கேட்டேன்? 'எடுத்து விடுடா'ன்னது யாரு? விசில் அடிச்சது யாரு? அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல யாரு குரலும் பேசக் கூடாது. நான் மாடிப்படியில உக்காந்து காக்காகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்.

மறுநாள் புது செயின் செட் வாங்கிட்டு வந்தாரு. முன்னாடிச் சின்னப் பல்சக்கரம், பின்னாடிப் பெருசு, நடுவுல செயின், மூணையும் சேர்த்துத்தான் மாத்தணுமாம். பழைய பல்லுல புதுச் செயினைப் போட்டா அதையும் தின்னுருமாம். முன்னாடிச் சின்னதைக் கழட்டும்போது அது சுத்தக் கூடாதுன்னு நான் பின் பிரேக்கைக் கையால அமுக்கிக்கிட்டே உக்காந்திருந்தேன், கையே மரத்துப் போச்சு. பின் சக்கரத்தைக் கழட்டி, பெரிய சக்கரத்தை மாத்தி, செயினைச் சுத்தி, ரெண்டு முனையையும் சேர்க்கிற லாக்கைப் போட்டாரு. லாக்குல ஒரு கிளிப்பு வரும், அதோட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும். அப்பா திருப்பிப் போட்டுட்டு, அப்புறம் அவராவே தலையில தட்டிக்கிட்டு மாத்திப் போட்டாரு. ஒரு நாள் பூரா ஓடிப்போச்சு. ஸ்பானர் மட்டும்தான் பேசுச்சு.

கடைசியாத்தான் செயின் தொய்வு பார்க்கிறது. ஸ்டாண்டை எடுத்து விட்டு, வண்டியைத் தரையில நிறுத்தினாரு. "ஆளு ஏறி உக்காந்துதான் பார்க்கணும்"னாரு. எங்கம்மா சொன்ன அதே வார்த்தை. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன்.

ஆனா ஒரு சிக்கல்ணே. அப்பா முன்னாடி உக்காரணும். நான் கீழ குனிஞ்சு செயினைத் தூக்கிப் பார்க்கணும். அப்பப் பின்னாடி உக்கார யாரு இருக்கா? வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு. டீச்சரம்மாவைக் கூப்பிடலாம்னேன், முறைச்சாரு. உள்ள போயி அரிசி மூட்டையைத் தூக்கிட்டு வந்தாரு. தூக்கிப் பார்த்தாரு, இறக்கி வச்சாரு, கொஞ்சம் யோசிச்சாரு. இன்னொரு பையில அரிசி அள்ளிப் போட்டு அதையும் மேல வச்சுக் கட்டினாரு. அம்மா உக்காருற இடத்துல.

முன்னாடி அப்பா, பின்னாடி அரிசி மூட்டை, கீழ நான். "இப்பப் பாருடா"ன்னாரு. நான் செயினுக்குக் கீழ விரலை விட்டுத் தூக்கிப் பார்க்கிறேன், சரியா வரல. இறங்கினாரு, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற அளவுக்கோடு பார்த்துத் திருகினாரு, திரும்ப ஏறினாரு. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கொஞ்சம் முன்னாடி நகந்து இடம் விட்டு உக்காருறாரு. மூட்டைக்கு எதுக்குண்ணே இடம்? அது மட்டும் இல்ல. ஒரு கையைப் பின்னால விட்டு மூட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு, விழுந்துரக் கூடாதுன்னு. நின்னுக்கிட்டு இருக்கிற வண்டிண்ணே அது! எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. சிரிச்சா அடி விழும்னு செயினையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கிரீஸ் கண்ல பட்டு ஒரே எரிச்சல். கண்ணு ரெண்டும் தண்ணியாக் கொட்டுது.

இப்பப் புரிஞ்சுச்சா? ரெண்டு பேர் ஏறினா செயின் கச்சிதமா நிக்கும், சத்தமே வராது. ஒருத்தர் மட்டும் போனா தொங்கும். குழியில இறங்கினா கவர்ல தட்டும். டக டக டக டக. நீங்க தினம் கேக்குறது அதுதான்.

அந்த ஞாயித்துக்கிழமையே என்னைப் பின்னாடி ஏத்திக்கிட்டு அம்மாவைக் கூப்பிடப் போனாரு. வரும்போது அம்மா வண்டியில, நான் பஸ்ல. அதான் திட்டம். போற வழியெல்லாம் செயின் ஒரு சத்தம் போடல. பட்டு மாதிரி ஓடுது.

அம்மா மாமா கடைக்கு மேல மாடியில இருக்கு. சுத்தி ஒரே துணி. நைட்டி தைக்குது. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க அளவு குடுக்க வந்து நிக்கிறாங்க. கொஞ்சம் சதை போட்டிருக்கு, முகத்துல ஒரு வெளிச்சம். அங்க திராட்சை ஜாஸ்தில்ல, அது தின்னு தின்னுதான்னு நினைக்கிறேன். அப்பா செருப்பைக் கழட்டிட்டு விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்தாரு. "செயின் மாத்தியிருக்கேன்"னாரு. "ம்"னுச்சு அம்மா. "நீ சொன்ன மாதிரியே ஆளு உக்காந்து பார்த்தேன்." அம்மா தண்ணி எடுக்கப் போயிருச்சு.

அப்பா கீழ மாமாகிட்டப் போனதும் அம்மா என்னைப் பக்கத்துல கூப்பிட்டுச்சு. "தீனா, மண்டபத்துல என்னை மாதிரிப் பேசினியே, அதை இப்பப் பேசிக் காட்டு. நான் மட்டும் கேக்குறேன்"னுச்சு.

எனக்குத் தலைகால் புரியல. எத்தனை நாளா வாயைக் கட்டிப் போட்டு வச்சிருந்தாங்க! முழுசாச் செஞ்சேன். யக்கா, போணியாகல, பெரிய மனசு, வண்டி அழுவுது, ஒண்ணு விடல. அம்மா தையல் மிஷின் மேல கையை வச்சுக்கிட்டு அசையாமக் கேட்டுச்சு. முடிஞ்சதும், "நான் இப்படியாடா பேசுறேன்?"னுச்சு.

"அச்சு அசல்மா!"ன்னேன்.

"நல்லாருக்குடா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி டம்ளர் கழுவுச்சு. எங்கம்மாகிட்ட பாராட்டு வாங்குறது அவ்வளவு லேசு இல்லண்ணே.

அன்னைக்கு வரல. "துணி நிறைய வாங்கி வச்சிருக்கேன், முடிச்சுக் குடுக்கணும்"னுச்சு. நியாயந்தானே? நான் பஸ்ல ஏறிட்டேன், அப்பா வெறும் வண்டியில வந்தாரு. முதல் தடவையா அன்னைக்குத்தான் தட்டுற சத்தம் கேட்டேன். தெருமுனையிலேர்ந்து வீடு வரைக்கும். டக டக டக டக.

அதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயிறும் போறாரு. என்னைக் கூட்டிட்டுப் போறதில்ல, பின்னாடி இடம் வேணும்ல. நடுவுல ஒரு நாள் அம்மா குட்டியானை லோடு வண்டி அனுப்பி இங்க இருந்த தையல் மிஷினையும் எடுத்துக்கிட்டுப் போச்சு. அங்க ஒரு மிஷின் பத்தலையாம். அப்பா அதை ஏத்தி விட்டுட்டு, மிஷின் இருந்த இடத்துல தரையில விழுந்திருந்த நாலு குழியையும் கையால தடவிக்கிட்டு நின்னாரு. அப்பாதாண்ணே கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிட்டாரு. எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நான் ஜாலியான ஆளு.

தினமும் மலைக்குத் தனியாத்தானே போறாரு, அப்பவாவது டைட் பண்ணலாம்ல? பண்ண மாட்டாரு. "அவ திடீர்னு வர்றேன்னு சொன்னா?"ம்பாரு. அதனாலதான் ஓடி வந்தேன். நீங்க நல்ல மனசுல சொல்லிட்டீங்க. அப்பா கூச்ச சுபாவம், 'வேண்டாம்'னு சொல்ல வராது. 'சரி தம்பி'ன்னுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க பாட்டுக்கு இறங்கி வந்து திருகிட்டீங்கன்னா…

இருங்கண்ணே. பேசாதீங்க.

அந்தா, பால் கடைக்கிட்ட. எங்க வண்டிதான், எனக்குத் தெரியாதா? மாட்டுக்கு ஒரு ஹாரன் அடிப்பாரு பாருங்க. அடிச்சாரா? அடுத்தது ஸ்பீடு பிரேக்கரு. அங்கதான் தட்ட ஆரம்பிக்கும். நல்லாக் கேளுங்க.

…தட்டலண்ணே.

ஏறி இறங்கிட்டாரு. தட்டல! நான் செயின் சத்தத்தை ஆயிரம் சத்தத்துல பிரிச்சுச் சொல்லுவேன்ணே, தட்டல! பின்னாடி ஆளு இருக்கு! இந்த முருங்கை மரம் வேற மறைக்குது, சனியன். அண்ணே, ஸ்பானரை உள்ள வைங்கண்ணே! நான் சொன்னேன்ல? நான் போறேன். அம்மா மூட்டை முடிச்சோட வந்திருக்கும், இறக்கணும். அப்புறம் வர்றேன்!

. . .

ம். நான்தாண்ணே. இல்ல, யாரு குரலும் இல்ல, என் குரல்தான்.

அப்பா மட்டும்தான் வந்திருக்காரு.

நான் பின் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். மூட்டை கூட இல்ல. "செயின் ஏன்ப்பா தட்டல?"ன்னு கேட்டேன். வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கிட்டே சொன்னாரு. "உங்கம்மா டைட் பண்ணி விட்டா."

அப்பா போயி இறங்கினதும் அம்மா கடை வாசலுக்கு வந்துச்சாம். குத்தவச்சு உக்காந்து, செயினை ஒரு விரலால தூக்கிப் பார்த்துச்சாம். மாமாகிட்ட ஸ்பானர் வாங்குச்சாம். "ஏறி உக்காருங்க"ன்னுச்சாம். அப்பா ஏறி, முன்னாடி நகந்து இடம் விட்டு உக்காந்துக்கிட்டு, "பின்னாடி?"ன்னு கேட்டாராம்.

"நீங்க மட்டும்"னுச்சாம்.

ரெண்டு பக்கமும் கோடு பார்த்துத் திருகி, இறுக்கி, சக்கரத்தைச் சுத்திப் பார்த்துட்டு, கையைத் துணியில துடைச்சுக்கிட்டே சொல்லுச்சாம்: "இனிமே ஒருத்தர்தானே ஓட்டப் போறீங்க. இவ்வளவு தொய்வு ஆகாது, மலையில கழண்டுட்டா ஆபத்து. இனிமே தட்டாது. பார்த்துப் போங்க." கோபமே இல்லையாம்ணே. மெதுவாச் சொல்லுச்சாம்.

சொல்லிட்டு அப்பா படியில உக்காந்துட்டாரு. அப்புறம், "டேய், அவ சொன்னதை அவ குரல்ல ஒரு தடவை சொல்லுடா"ன்னாரு.

அவரேதாண்ணே கேட்டாரு.

நான் வாயைத் திறந்தேன். "யக்கா"ன்னு அந்த மண்டபத்துக் குரல்தான் வருது. நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சேன், "வண்டி அழுவுதுங்க" குரல் வருது. "நீங்க மட்டும்". ரெண்டே வார்த்தை. மெதுவாச் சொல்லணும், கோபமில்லாமச் சொல்லணும். அப்படி ஒரு அம்மா குரல் எங்கிட்ட ஸ்டாக்கே இல்லண்ணே. டீச்சரம்மா இருக்கு, கங்காணி இருக்காரு, நீங்க கூட இருக்கீங்க. அது இல்ல. தேடித் தேடிப் பார்க்கிறேன், வரல.

சளி பிடிச்சிருக்குண்ணே, வேற ஒண்ணுமில்ல. தொண்டை கட்டிருச்சு. "விடுடா"ன்னு சொல்லிட்டு அப்பா உள்ள போயிட்டாரு.

அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஸ்பானர் தேவைப்படலண்ணே. இனிமே உங்களுக்குச் சத்தம் தொந்தரவு இருக்காது.

கீழ டம்ளர் கழுவுற சத்தம் கேக்குதா? அப்பாதான்.

நாங்க காலையிலேர்ந்து டீயே போடலண்ணே.